இரண்டிலிருந்து மூன்றுக்குப் போன இரும்பு

ஆக்சிஜனேற்ற எண் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் பல வருடங்களாக வேதியியல் டியூஷன் நடத்துகிறேன். பனச்சமூட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் உண்டு, செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்களும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடப்புத்தகம், இந்தப் பக்கம் வேறொன்று. சிலருக்குத் தமிழில் சொன்னால் புரியும், சிலருக்கு மலையாளத்தில் சொல்ல வேண்டும். ஆனால் ஆக்சிஜனுக்கு இரண்டு மாநிலத்திலும் மைனஸ் இரண்டுதான். அதனால் என் பிழைப்பு தடையில்லாமல் ஓடியது.

பாடம் எளிது. தனியாக இருக்கும் தனிமத்துக்குப் பூஜ்யம். ஹைட்ரஜனுக்கு பிளஸ் ஒன்று, ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு. சேர்மத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். தெரியாததற்கு எக்ஸ் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஆயிற்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் பிளஸ் ஒன்று, நான்கு ஆக்சிஜனுக்கு மைனஸ் எட்டு, ஆகவே மாங்கனீஸ் பிளஸ் ஏழு. கூட்டல் கழித்தல் தெரிந்த எவனும் போடலாம். பிள்ளைகள் அப்படி நான்கைந்து கணக்கு போட்டு நெஞ்சை நிமிர்த்தியதும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுப்பேன். ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு என்று எழுதிவிட்டுக் கூட்டினால் பூஜ்யம் வராது, முழிப்பார்கள். அங்கே அது மைனஸ் ஒன்று. அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படி மாட்டிவிடுவதற்காக நான் வைத்திருக்கும் இன்னொன்று பிளீச்சிங் பவுடர். ஒரு கால்சியம், ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரின். கால்சியம் பிளஸ் இரண்டு, ஆக்சிஜன் மைனஸ் இரண்டு. அப்படியானால் குளோரினுக்குப் பூஜ்யம். வகுப்பு முழுக்கப் பூஜ்யம் என்று எழுதும். கணக்குப்படி சரி, உண்மையில் தப்பு.

ஒருமுறை அடுத்த வீட்டுப் பெண் எழுந்து நின்றாள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பூஜ்யம்னா அது ஆர்கிட்டயும் எதுவும் எடுக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. பின்ன எப்பிடி சார் கெணத்துல கெடக்க கிருமிய கொல்லுது?"

பூஜ்யத்தில் இருக்கும் குளோரின் வாயுவும் கொல்லும் என்று பிறகு அவளைத் திருத்தினேன். ஆனாலும் அந்தக் கேள்விக்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு குளோரினும் ஒரே நிலையில் இல்லை என்று போர்டில் வரைந்து காட்டினேன். கால்சியத்தோடு நேராகச் சேர்ந்தது மைனஸ் ஒன்று. ஆக்சிஜனோடு ஒட்டியிருப்பது பிளஸ் ஒன்று. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். வேலையெல்லாம் செய்வது அந்த பிளஸ் ஒன்றுதான். எதிரில் யார் வந்தாலும் எலக்ட்ரானைப் பிடுங்காமல் அடங்காது. அவள் அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள். இது நடந்து ஒரு வாரத்தில் அவளுடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார்.

என் மனைவி அப்போது எங்கள் வார்டில் ஆஷா பணியாளர். கர்ப்பிணிகளைப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடும் நாளை நினைவூட்டுவது, மழைக்காலத்தில் வீட்டு வீட்டுக்குப் போய்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாம் அவள் வேலை. கிணற்றுக்குள் எத்தனை உறை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று எட்டிப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி காலித் தீப்பெட்டியால் பவுடரை அளப்பாள். வாளியில் போட்டுக் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிகிறவரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றிக் கயிற்றில் இறக்கிக் கிணற்றுக்குள் நாலைந்து தடவை ஏற்றி இறக்குவாள். அன்றைக்கு அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் கோரக் கூடாது. அவள் வந்து போன வீட்டை மணத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த வேலையை அவள் அவ்வளவு நேசித்தாள். கல்யாணத்துக்கு முன்பு நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டு நடக்காமல் போனவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால் நடையே மாறிவிடும். சாயங்காலம் வந்து எந்த வீட்டில் என்ன என்று என்னிடம் சொல்வாள், சந்தேகம் கேட்பாள். நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டு பதில் சொன்னால், "சாருக்கு எல்லாம் தெரியுமாக்கும்" என்று சீண்டிவிட்டு, அதையே அப்படியே நம்பிச் செய்வாள்.

அடுத்த வீட்டில் அவருக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம், அதாவது கருமாதி. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. பக்கத்து வார்டில் இரண்டு பேருக்கு மஞ்சள்காமாலை வந்திருந்த சமயம் அது. அதனால் முந்தின நாள் மத்தியானம் அந்தக் கிணற்றில் பவுடர் போடப் புறப்பட்ட என் மனைவி, நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சாய்ப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, அந்தக் கெணத்து வெள்ளம் துரு மணக்கும். அவங்க முந்தின நாளே கோரி வச்சு மேலத் தெளிவத்தான் எடுப்பாங்க. அதுல பவுடர் போட்டா ஒண்ணும் ஆகாதில்லியா?"

"துருவுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? மஞ்சள்காமாலைக் காலம். முந்நூறு பேர் சாப்பிடுற இடம். ரெட்டிப்பாப் போடு" என்றேன். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கிணறு செம்பாறையைக் குடைந்து எடுத்தது. பாறைக்குள் காற்றுப் படாமல் தண்ணீரில் கரைந்து கிடக்கும் இரும்பு பிளஸ் இரண்டில் இருக்கும். அதற்கு நிறமே தெரியாது. பானையில் கோரி வைத்தால் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல பிளஸ் மூன்றாகி அடியில் துருவாகப் படியும். அந்த வீட்டுக்காரர்கள் வேதியியல் படிக்காமலே அதை அறிந்து வைத்திருந்தார்கள். காற்று ஒரு இரவு முழுக்கச் செய்கிற வேலையை பிளீச்சிங் பவுடர் சீக்கிரமே செய்துவிடும். ஒரு பானைக்கு அல்ல, கிணற்றுக்கே செய்துவிடும். இதைக் கேள்வித்தாளில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே நின்று மனைவி கேட்டதால் எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. போர்டில் நான் வரைந்த குளோரினும் அவளுடைய தீப்பெட்டியில் இருந்த குளோரினும் ஒன்று என்று அந்த நிமிடம் என் மூளையில் உறைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சமையல்காரர் முதல் வாளி கோரினார். பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் வந்தது. இரண்டாவதும் அப்படியே. இதில் சோறு வைத்தால் சிவந்துபோகும் என்று அவர் சொன்னார். அதுகூடப் பெரிதில்லை, ஜங்ஷன் குழாயிலிருந்து ஆட்டோவில் தண்ணீர் கொண்டுவந்து சமையலை முடித்துவிட்டார்கள். செத்தவருக்கு வைக்கும் பலிச்சோற்றை அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் பொங்க வேண்டும் என்பது அவர்கள் முறை. தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு குடத்தை எடுத்துக்கொண்டு வந்த அந்தப் பெண், வாளிக்குள் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

என்னவோ சத்தம் என்று நாங்கள் இருவரும் போனோம். அந்தப் பெண்ணின் தாய்மாமன் கிணற்றடியில் நின்றிருந்தார். அம்பது பேர் கூடியிருந்தார்கள். என் மனைவியைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது.

"நீ என்னத்தையாக்கும் இதுல போட்டே?"

"பவுடர்தான் போட்டேன், அண்ணா. எல்லா வீட்டுலயும் போடுயதுதான்."

"எல்லா வீட்டுலயும் வெள்ளம் இப்பிடியா ஆச்சு? செத்துப்போனவருக்கும் உனக்கும் பலாமரத்துக் கொப்பு வெட்டுனதுல சண்டை உண்டு. எனக்குத் தெரியாதா?"

சண்டை உண்மை. எங்கள் ஓட்டின் மேல் சாய்ந்த கொப்பைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன் நாலு வார்த்தை தடித்துப் பேசிவிட்டு, மூன்றாம் நாள் அதே மரத்துப் பலாச்சக்கையை வாங்கி அவித்தும் தின்றோம். ஆனால் கூட்டத்தில் அப்படிச் சொன்னால் அது வேறு மாதிரித்தான் கேட்கும். மனைவி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு பயம் இல்லை. சாருக்கு எல்லாம் தெரியும், இப்போது சொல்லிவிடுவார் என்று நின்றாள்.

வாளியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பிளஸ் இரண்டு, பிளஸ் மூன்றாகிவிட்டது. விஷமில்லை, மாயமில்லை. இரண்டு நாள் விட்டு இறைத்தால் தெளியும். இதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நாலாவதாக ஒன்று சொல்ல வேண்டி வரும். இவள் கேட்டாள், நான்தான் கவனிக்காமல் ரெட்டிப்பாகப் போடச் சொன்னேன் என்பது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் சாய்ப்பில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். கெமிஸ்ட்ரி சார் கிணற்றைக் கெடுத்தார் என்று ஊர் சிரிக்கும். வாய் வரை வந்தது, நின்றுவிட்டது.

அப்போது அந்தப் பெண் பேசினாள். அப்பா செத்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"சார், இது இரும்பு தானே? அந்த பிளஸ் ஒண்ணு குளோரின் எலக்ட்ரானப் பிடுங்குனதுதானே? ரெண்டு மூணாயிருக்கு, இல்லியா சார்?"

கூட்டம் என்னைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பதினேழு வயதுப் பெண் சாவு வீட்டில் நின்று எனக்குக் கை கொடுக்கிறாள்.

"டெஸ்ட் பண்ணிப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

அதைச் சொன்ன குரல் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. நிதானமான, படித்தவனுடைய குரல். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாமன், "கேட்டியளா, சாருக்கே தெரியல்ல" என்றார். என் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கிணற்றடியில் கிடந்த தன் வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

தண்ணீர் ஐந்தாறு நாளில் தெளிந்தது. பேச்சு தெளியவில்லை. எங்கள் சந்தில் யாரும் அவளைக் கிணற்றருகே விடவில்லை. "இன்னைக்கு வேண்டாம், பின்ன பாக்கலாம்" என்று எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பவுடர்காரி என்று ஒரு பெயரும் விழுந்தது. அவள் மூன்று மாதம் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கர்ப்பிணி இருந்த ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசி அனுப்பினார்கள். அன்றைக்கு வந்து பையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட்டுவிட்டாள். பிறகு அண்டி ஆபீஸ் போனாள். முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். இன்றும் அங்கேதான் போகிறாள். முந்திரி எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்து கிடக்கிறது.

என்மேல் அவள் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போடுவாள், சட்டை தேய்த்து வைப்பாள், சிரிக்கவும் செய்வாள். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை எத்தனை என்றுகூடக் கேட்டதில்லை. முதலில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அடுத்த மழைக்கு மஞ்சள்காமாலை எங்கள் சந்துக்கே வந்தது. கிணறுகளில் யாரும் பவுடர் போட விட்டிருக்கவில்லை. ஆறு பேர் படுத்தார்கள். அதில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. என்னிடம் டியூஷனுக்கு வருவதை அவள் அடியந்திரத்தோடு நிறுத்தியிருந்தாள். பிளஸ் டூ வருடத்தில் ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்தாள். எழுந்தபோது படிப்பு கையை விட்டுப் போயிருந்தது. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்றிருந்தவள் கிடைத்த மதிப்பெண்ணுக்கு வேறு ஏதோ படித்து, இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அவள் படுத்திருந்த நாட்களில் என் மனைவி தினமும் கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். உள்ளே விட்டார்கள். அது எப்படி என்று நான் அன்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அமரவிளையில் அடுத்த வீட்டு அக்கா ஏறினார். அந்தப் பெண்ணின் அம்மா. என் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் வந்து உட்கார்ந்தார். மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஏனென்று தெரியவில்லை, ஏழு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அந்த பஸ்ஸில் வெளியே வந்தது.

"அக்கா, அன்னைக்கு அடியந்திரத்துக்குக் கெணத்துல நடந்தது. பவுடர் கூடப் போடச் சொன்னது நான். அவ கேட்டா, நான்தான் சொன்னேன். உங்க மக சொன்னதுதான் சரி."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும் சாரே. உங்க வீட்டுக்காரி மறுநாளே வந்து எங்கிட்ட பறஞ்சா. இரும்புதான் காரணம், பயப்படாண்டாம், எறச்சா தெளியும் எண்ணு. சாரு சொல்லித்தான் கூடப் போட்டேன், அதை ஆருகிட்டயும் பறையாதிய அக்கா, அவருக்க டியூஷன் போயிரும் எண்ணு எனக்க கையப் பிடிச்சுக்கிட்டா. நானும் வாக்கு குடுத்தாச்சு. எனக்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தப்பவும் மிண்டாம இருந்தேன். அது எனக்க தப்புதான்."

பாறசாலை வந்தது. நான் இறங்கி நடந்தேன். மனைவியின் வேலை போனதை, பெயர் கெட்டதை, கதவு திறக்காத வீட்டு வாசலில் நின்றதை எல்லாம் நான் அவளுக்கு நேர்ந்த துரதிருஷ்டம் என்றே வைத்திருந்தேன். அவள் எனக்காக அதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் போர்டுக்கு முன் நின்று பாடம் நடத்திய ஒவ்வொரு நாளும் அவள் கொடுத்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலை முடிந்து வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் போய் நின்றேன்.

"அடுத்த வீட்டு அக்காவை பஸ்ஸில பாத்தேன். எல்லாம் சொன்னாங்க. நீ மறுநாளே போயி சொன்னியாமே."

"ஆமா" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை; அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்களா வந்து எங்கிட்ட சொல்லுவிய எண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன். ஊருக்குச் சொல்லாண்டாம். எங்கிட்ட மட்டும். ஒரு ரெண்டு வருசம் பாத்தேன். பின்ன விட்டாச்சு."